வளாகச் சாலையில் இரண்டு பக்கமும் கார் நின்றால் பஸ் எப்படித் திரும்பும்?

கிழக்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆய்வு மாணவி நான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். ஐந்து வருடமாக விடுதியிலிருந்து துறைக்குத் தினமும் சைக்கிளில்தான் போய் வருகிறேன், அந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு எங்கேயாவது எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

காலை ஒன்பதே கால் இருக்கும். நூலகத்தைத் தாண்டித் தேர்வுப் பிரிவுக்குத் திரும்புகிற முக்கில் வளாகப் பேருந்து நின்றுவிட்டது. திருப்பத்திலேயே ஒரு வெள்ளைக் கார் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, எதிர்ப் பக்கமும் வரிசையாகக் கார்கள். டிரைவர் முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி என்று நாலைந்து தடவை ஒடித்துப் பார்த்தார். கிளீனர் பையன் இறங்கி அந்தக் காரின் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டு, பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தட்டி ‘வரட்டும், வரட்டும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தான், பிறகு திடீரென்று ஒரே அடியாக ஓங்கித் தட்டினான். இன்னும் ஒரு சாண் வந்திருந்தால் உரசியிருக்கும். பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் விடுதி மெஸ்ஸுக்கு சிலிண்டர் ஏற்றி வந்த வண்டி, அதற்குப் பின்னால் கார்கள், இந்தப் பக்கம் பைக்குகள் எல்லாம் நடைபாதையில் ஏறிவிட்டன, நடந்து போனவர்கள் சாலைக்கு இறங்கிவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து ஒருவர் கையில் சான்றிதழ் உறையோடு வந்து, ‘இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன்’ என்று சொல்லிக் காரை எடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வெளியூர்க்காரர், எங்கே நிறுத்துவது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் எழுத வந்தது அதற்கடுத்த விஷயம். அந்த முக்கிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி பல்கலைக்கழகமே ஒதுக்கிய பார்க்கிங் மைதானம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. வெட்டவெளி, ஒரு மரம் கிடையாது. சாலையிலோ இரு பக்கமும் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். காலையில் வருகிறவர்கள் மதிய வெயிலில் நிழல் எங்கே விழும் என்று பார்த்து நிறுத்துகிறார்கள். மே மாதம் வெயிலில் ஐந்து மணி நேரம் நின்ற காரின் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த நிழலுக்காகப் பேருந்து ஓடும் சாலையையே நாம் பார்க்கிங் ஆக்கிவிட்டோம். உங்கள் வளாகங்களில் எப்படி? யாராவது இதைச் சரிசெய்திருக்கிறீர்களா?

ஹாஸ்டல்_சி_பிளாக் எழுதியது:

அக்கா, எங்கள் கல்லூரியிலும் இதேதான். மாணவர் பைக் என்றால் கேட்டிலேயே நிறுத்திவிட்டு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆசிரியர்கள் கார் மட்டும் வகுப்பு வாசல்வரை வரும். நெரிசல் என்று பேச்சு வந்தால் முதலில் மாணவர் வண்டியைத் தடை செய்து சுற்றறிக்கை வரும். ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலு பைக்காவது நிற்கும், அதை யாரும் யோசிப்பதில்லை.

அளவுநாடா எழுதியது:

நான் சாலைப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்க்கும் சிவில் இன்ஜினியர். கொஞ்சம் கணக்காகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளாகச் சாலைகள் பெரும்பாலும் 7 மீட்டர் அகலம், அதாவது போக ஒரு லேன், வர ஒரு லேன். ஒரு காரின் அகலம் 1.7, 1.8 மீட்டர். ஓரக்கல்லை ஒட்டி யாரும் நிறுத்துவதில்லை, சாக்கடைக்கும் கதவு திறக்கவும் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துவார்கள், ஆகப் பக்கத்துக்கு 2 மீட்டர் போய்விடும். இரண்டு பக்கமும் நின்றால் நடுவில் மிஞ்சுவது 3 மீட்டர். பஸ்ஸின் உடல் மட்டும் இரண்டரை மீட்டர், கண்ணாடி தனி. நேர் சாலையில் பஸ் தவழ்ந்தாவது போய்விடும். திருப்பத்தில் அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதற்கு அகலம் இன்னும் கூடுதலாக வேண்டும். நீங்கள் பார்த்த வெள்ளைக் கார் நின்றது சரியாக அந்த இடத்தில்தான்.

சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 1990இல் நகரச் சாலைகளின் கொள்ளளவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது, எண் 106. அதில் இரு லேன் கொண்ட இருவழிச் சாலைக்கு, ஓரத்தில் வண்டி நிற்காது, குறுக்குப் போக்குவரத்தும் மிகக் குறைவு என்றால் மணிக்கு 1500 கார் அளவு என்று வைத்திருக்கிறார்கள். அதே அகலச் சாலையில் ஓரத்தில் வண்டிகள் நின்று, குறுக்கே ஆட்களும் வண்டிகளும் நிறைய வந்தால் 900. தார் அதே தார், அகலம் அதே அகலம், ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போய்விடுகிறது. சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று மனு போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இருக்கிற அகலம் உங்களிடம் இருக்கிறதா என்றுதான்.

அப்புறம், நிற்கிற கார் மட்டும் பிரச்சினை இல்லை, நிறுத்தப் போகிற காரும்தான். இடம் தேடுகிறவர் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வார். காலி இடம் கண்ணில் பட்டதும் சட்டென்று பிரேக் போடுவார், தாண்டிப் போய் ரிவர்ஸ் எடுப்பார், அந்த அரை நிமிடம் பின்னால் வருகிற எல்லோரும் நிற்க வேண்டும். வெளியே எடுக்கும்போதும் இதே கதை. காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலரைக்கும் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் இதைச் செய்தால் அந்தச் சாலை சாலையாக இருக்காது.

பேராசிரியர்_ஓய்வுக்கு_முன் எழுதியது:

இளைஞர்கள் கோபமாக எழுதுகிறீர்கள், கோபம் நியாயம்தான். காரை வாசலில் நிறுத்துகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் என் பக்கத்தையும் கேளுங்கள். எனக்கு 58 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். விடைத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். முதல் வகுப்பு பழைய கட்டடத்தில், அடுத்த வகுப்பு கிழக்கே புதுக் கட்டடத்தில், நடுவில் பத்து நிமிடம். மைதானத்தில் நிறுத்திவிட்டு நடந்து வா என்று சொல்வது சுலபம். நடக்கிற பாதையில் நிழலும் கிடையாது, சமமான நடைபாதையும் கிடையாது. ஒரு தடவை கல் இடறி விழுந்து ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தேன்.

வளாக பஸ் நேரத்துக்கு வந்தால் நான் காரை வீட்டிலேயே விட்டு வருவேன். மனதாரச் சொல்கிறேன். இரண்டு செமஸ்டர் முயன்றும் பார்த்தேன். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஒரு நாள் எட்டே முக்காலுக்கு, ஒரு நாள் ஒன்பதரைக்கு. வகுப்பில் அறுபது பிள்ளைகள் காத்திருக்கும்போது அதை நம்பி நிற்க முடியவில்லை.

கிழக்குவாசல் எழுதியது:

சார், முழங்கால் வலியோடு நடக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அப்படித் தொனித்திருந்தால் மன்னியுங்கள். உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது. பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை? செவ்வாய்க்கிழமை நான் பார்த்ததுதான் காரணம். சாலையில் கார் நிற்பதால் பஸ் தாமதமாகிறது, பஸ் தாமதமாவதால் ஆட்கள் அதை விட்டுவிட்டு ஸ்கூட்டரோ காரோ வாங்குகிறார்கள், அந்த வண்டியும் அதே சாலையில் வந்து நிற்கிறது, பஸ் இன்னும் தாமதமாகிறது. ஐந்து வருடத்தில் இது கண்ணெதிரே நடந்தது. நான் சேர்ந்தபோது என் ஆய்வகத்தில் இருந்த அக்கா இரண்டு பேர் பஸ்ஸில்தான் வருவார்கள், இப்போது இருவரிடமும் ஸ்கூட்டர் இருக்கிறது.

கேட்_நம்பர்_இரண்டு எழுதியது:

வணக்கம். நான் ஒரு கல்வி வளாகத்தில் பதினாறு வருடம் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், அவன்தான் தட்டச்சு செய்கிறான்.

நோ பார்க்கிங் போர்டு நாங்கள் வைக்காத இடமே இல்லை. போர்டுக்கு அடியிலேயே நிறுத்துவார்கள். பையன்கள் பைக் என்றால் நாங்கள் சங்கிலி போட்டுப் பூட்டுவோம், சாயங்காலம் வந்து கெஞ்சி எடுத்துக்கொண்டு போவான். காரைப் பூட்ட முடியுமா? ஒரு தடவை என் கீழே வேலை பார்த்த ஒரு பையன், புதிதாகச் சேர்ந்தவன், வாசலை மறித்து நின்ற காரின் கண்ணாடியில் ‘இங்கே நிறுத்தாதீர்கள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். நான்தான் ஒட்டச் சொன்னேன். மேலேயிருந்து போன் வந்தது, யார் கார் என்று தெரியுமா என்று கேட்டார்கள். அந்தப் பையனை மறுநாளே பின்பக்க கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள், ராத்திரி ஷிப்டு. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் எந்தக் காரிடமும் போகவில்லை, கையை மட்டும் காட்டுவார்கள்.

அந்தப் பையன் செய்ததில் தப்பே இல்லை. சட்டத்தை அமல்படுத்து என்று சம்பளம் குறைந்த ஆளிடம் சொல்லிவிட்டு அவன் பின்னால் யாரும் நிற்காமல் போனால் அவன் என்ன செய்வான்? இதை எழுதும்போதும் எனக்கு மனது கனக்கிறது. போர்டு வேலை செய்யாது ஐயா. அந்த இடத்தில் நிறுத்தவே முடியாதபடி கல் நட்டுவிட்டால் யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டியதில்லை.

தமிழினி_எம்ஏ எழுதியது:

கேட் நம்பர் இரண்டு ஐயாவுக்கு வணக்கம், நீங்கள் சொன்ன கல்லை நடுவதற்கு முன்னால் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சக்கர நாற்காலியில் போகிறவள். கார் நடைபாதைச் சரிவை மறித்து நின்றால் நான் சாலைக்கு இறங்க முடியாது, இறங்கியிருந்தால் ஏற முடியாது. மற்றவர்களுக்கு அது நாலு அடி சுற்றி வருகிற விஷயம். எனக்கு அன்றைய வகுப்பு போய்விடும். இந்த செமஸ்டரில் எத்தனை தடவை சரிவுக்குக் கீழே நின்றுகொண்டு யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கிறேன் என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் கட்டடத்தின் முக்கிய வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்தில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே இருக்கிறது. எங்கள் வாசலில் அப்படி ஓர் இடம் மஞ்சள் பெயின்டில் வரைந்திருக்கிறார்கள். காலை எட்டரைக்கே அதில் யாருடைய காராவது நின்றுவிடும். வாசலருகே கார் நிற்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பேராசிரியர் ஐயாவைப் போல முழங்கால் முடியாதவர்களுக்கும் எங்களுக்கும் அங்கே இடம் வேண்டும். நடக்கக்கூடியவர்களின் கார் அங்கே நாள் முழுக்க நிற்பதால்தான் எங்களுக்கு இல்லை.

வெஸ்ட்வுட்_வாசி எழுதியது:

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து எழுதுகிறேன். இந்த விஷயத்தை உலகத்துக்கே விளங்க வைத்த ஆராய்ச்சி நடந்தது நான் இருக்கும் பகுதியில் என்பதால் சொல்லத் தோன்றியது. யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் பேராசிரியராக இருந்தவர் டொனால்ட் ஷூப், 2025இல் மறைந்தார். அவரே வளாகத்துக்கு சைக்கிளில் போய் வந்தவர். அவரும் மாணவர்களும் வளாகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜ் கடைத்தெருவில் கார் ஓட்டுகிறவர்கள் சாலையோர இடம் கிடைக்க எவ்வளவு நேரம் சுற்றுகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். சராசரி 3.3 நிமிடம். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் நாள் முழுக்க எத்தனை கார் வந்து போகிறது என்பதோடு பெருக்கினால், வெறும் 15 பிளாக் (சுற்றிலும் தெரு ஓடும் கட்டடத் தொகுதி) கொண்ட அந்தச் சிறிய பகுதியில் வருடத்துக்கு 15 லட்சம் கிலோமீட்டர், இடம் தேடி மட்டுமே சுற்றுகிறார்கள் என்று வந்தது.

காரணம் ரொம்ப எளிது. சாலையோரம் மலிவு, பக்கத்துப் பார்க்கிங் கட்டடத்தில் கட்டணம் அதிகம், அதனால் கட்டடத்தில் இடம் காலியாக இருந்தாலும் எல்லோரும் சாலையில் சுற்றினார்கள். சாலையோரக் கட்டணத்தை எப்போதும் ஏழில் ஓர் இடம் காலியாக இருக்கும்படி வைத்தால் யாரும் சுற்ற வேண்டியதில்லை என்பது அவருடைய முடிவு. கிழக்குவாசல், உங்கள் ஊரில் மைதானத்தில் நிறுத்துவதற்கு விலை வெயிலாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. 2000இல் மாணவர்களும் ஊழியர்களும் நகரப் பேருந்தில் இலவசமாகப் போகலாம் என்று பல்கலைக்கழகமே பேருந்து நிறுவனத்துக்குப் பணம் கட்டியது. முதல் வருடத்திலேயே பஸ்ஸில் வளாகத்துக்கு வருவது 56 சதவீதம் கூடியது, தனியாகக் கார் ஓட்டி வருவது 20 சதவீதம் குறைந்தது. பார்க்கிங் கட்டடம் கட்டுவதைவிட இது மலிவு என்பதும் அவர்கள் கணக்கு.

மூன்றாம்_பீரியட் எழுதியது:

கட்டணம் என்ற பேச்சு வந்துவிட்டதா, வரும் என்று தெரியும். நான் கௌரவ விரிவுரையாளர். பக்கத்து டவுனிலிருந்து வருகிறேன். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று. விடுமுறை மாதத்தில் சம்பளம் கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் வந்தால்தான் முதல் வகுப்புக்கு நேரத்துக்கு வர முடியும். அமெரிக்காவில் சரியாக இருக்கலாம், இங்கே பார்க்கிங் கட்டணம் போட்டால் நிரந்தரப் பேராசிரியர் யோசிக்காமல் கட்டிவிட்டு அதே வாசலில் நிறுத்துவார், என்னைப் போன்றவர்கள்தான் கேட்டுக்கு வெளியே கடை ஓரத்தில் வண்டியை விட்டு வருவோம். காசு உள்ளவர்களுக்கு நிழல், இல்லாதவர்களுக்கு வெயில் என்று ஆகிவிடக் கூடாது.

வெஸ்ட்வுட் வாசி அண்ணா சொன்ன இலவச பஸ் விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் வளாகத்தின் கேட் வரை நான் காசில்லாமல் வந்துவிட முடியும். என்னை ஸ்கூட்டி எடுக்க வைப்பது கேட்டிலிருந்து துறை வரை இருக்கிற அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான். சேலை கட்டிக்கொண்டு மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தூரத்தை நடந்துவிட்டுப் போய்ப் பாடம் எடுத்துப் பாருங்கள். கேட்டில் நேரத்துக்கு ஒரு பஸ் நின்றால் என் வண்டி வீட்டில் நிற்கும்.

அளவுநாடா எழுதியது:

மேடம், நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வாசலருகே நாள் முழுக்க நிற்கும் காருக்கு மட்டும் கட்டணம், டூவீலருக்கு இல்லை, தள்ளியிருக்கும் மைதானத்துக்கு யாருக்கும் இல்லை என்று வைக்கலாம். வரும் பணம் பஸ்ஸுக்கு என்று எழுதியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொதுக் கணக்கில் கலந்து போய்விடும். ஆனால் என் அனுபவத்தில் இங்கே கட்டணத்தில் தொடங்கினால் வேலை நடக்காது. முதலில் முக்குகள், பஸ் நிறுத்தம், நடைபாதைச் சரிவு இந்த மூன்றும். முக்கிலிருந்து இரு பக்கமும் பதினைந்து மீட்டர் காலியாக்கினாலே பஸ் ஒரே திருப்பில் போய்விடும். ஒரு முக்குக்குப் போகிற நஷ்டம் சில கார் இடம்தான்.

பஸ்ஸை விடுங்கள், தீயணைப்பு வண்டி? உயரமான கட்டடங்களைச் சுற்றி 6 மீட்டர் அகலத்துக்கு வண்டி போகும் வழி விட வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இருக்கிறது. கட்டும்போது விட்டிருப்பார்கள், வரைபடத்திலும் இருக்கும். இன்றைக்கு அதில் கார் நிற்கிறது. வேதியியல் ஆய்வகம் இருக்கும் பிளாக்கில் இதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

மாடிப் பார்க்கிங்கோ பேஸ்மென்ட் பார்க்கிங்கோ கட்டலாமே என்று யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி திரும்பும் வழியையும் சேர்த்தால் திறந்தவெளியில் ஒரு காருக்குச் சுமார் 23 சதுர மீட்டர் வேண்டும், பேஸ்மென்ட் என்றால் 32. ஒரு சின்ன வீட்டின் பரப்பு. இருக்கிற மைதானமே பாதி காலியாக இருக்கும்போது எதற்கு?

தரமணி_சைக்கிள் எழுதியது:

சென்னை ஐஐடியில் படித்தேன். அங்கே மாணவர்களுக்கு மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது. விடுதியிலிருந்து வகுப்புக்கு சைக்கிள், இல்லையென்றால் நடை, இல்லையென்றால் மெயின் கேட்டிலிருந்து ஓடும் வளாக பஸ். 600 ஏக்கருக்கு மேல் இருக்கிற வளாகம், சாலையில் புள்ளிமான் குறுக்கே போகும், யாரும் விரட்டி ஓட்ட மாட்டார்கள். வகுப்பு விட்டதும் நூற்றுக்கணக்கான சைக்கிள் ஒரே நேரத்தில் கிளம்பும், ஆனாலும் சாலை அடைக்காது. சைக்கிள் அவ்வளவு சின்ன இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலோர் உள்ளேயே தங்கிப் படிக்கிற இடம் என்பதால் அங்கே முடிகிறது. வெளியிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள் அதிகமுள்ள பல்கலைக்கழகத்தில் அப்படியே செய்ய முடியாது. சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், நிற்கும் காரிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி ஓட்டுங்கள். ஓட்டுநர் கதவைப் பார்க்காமல் திறந்தால் பிரேக் பிடிக்க நேரமே இருக்காது. என் நண்பன் ஒருவன் வெளிச்சாலையில் அப்படி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டான்.

கண்டி_வீதி எழுதியது:

இலங்கையில் இருந்து. நான் படித்த பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகவே கலகா வீதி போகிறது, பொது பஸ்களும் அதிலேதான் ஓடும். அதனால் வளாகத்துக்குள்ளேயே பஸ் ஏறி இறங்கலாம், எங்களில் பலருக்கு வாகனம் தேவைப்படவே இல்லை. வாகனத் தரிப்பிடத்தைப் பற்றிக் கதைக்கிறபோது பஸ் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கோ. வெளி பஸ்ஸை கேட்டோடு நிறுத்தாமல் உள்ளே ஒரு சுற்று விட முடியுமா என்று உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

பேராசிரியர்_ஓய்வுக்கு_முன் எழுதியது:

தங்கை தமிழினி எழுதியதைப் படித்த பிறகு நேற்று என் காரை எங்கே நிறுத்துகிறேன் என்று இறங்கி நின்று பார்த்தேன். முன்சக்கரம் சரிவின் மேல் இருந்தது. இத்தனை வருடம் அது சரிவு என்றே நான் கவனிக்கவில்லை. மன்னித்துவிடம்மா. இன்றைக்கு மைதானத்தில் நிறுத்திவிட்டு ஒரு மாணவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

துறைத்தலைவர்கள் கூட்டம் இந்த மாதம் எங்களுக்கு இருக்கிறது. அளவுநாடா தம்பி எழுதிய 1500, 900 கணக்கையும் தீயணைப்பு வண்டி விஷயத்தையும் அங்கே வைக்கப் போகிறேன். முதலில் என் துறை வாசலில் தொடங்குகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்பேன்.

கிழக்குவாசல் எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

நாங்கள் எட்டுப் பேர் ஆய்வு மாணவர்கள், இந்த இழையை அச்செடுத்து, கூடவே அந்த முக்கைக் காலை ஒன்பது மணிக்கு எடுத்த நாலு போட்டோவும் வைத்து, வளாகத்தின் சாலை, கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் ஆபீஸில் கொடுத்தோம். முதலில் போர்டு வைக்கிறோம் என்றார்கள். கேட் நம்பர் இரண்டு ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினோம். அங்கே இருந்த இன்ஜினியர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் எழுந்து எங்களோடு நடந்து வந்தார். டேப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு காருக்கும் நடுவில் 2 மீட்டர் 80. அவரே தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனார்.

போன வாரம் முக்கின் இரு பக்கமும் முழங்கால் உயரக் கருங்கல் நட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலி போகிற அளவு இடைவெளி விட்டு. தமிழினி, உங்களுக்காகத்தான் அந்த இடைவெளியை இரண்டு தடவை அளந்தோம். திங்கட்கிழமை காலை சைக்கிளை ஓரம் நிறுத்திவிட்டு நின்று பார்த்தேன். பஸ் வந்தது, வேகம் குறைந்தது, ஒரே திருப்பு. கிளீனர் பையன் இறங்கவே இல்லை, படியில் நின்றபடியே கல்லைப் பார்த்துக்கொண்டு போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பஸ் திரும்பியதற்கா என்று என் தோழி கேட்டாள். ஆமாம், அதற்குத்தான்.

மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. முக்கில் நின்ற கார்கள் ஐம்பது மீட்டர் தள்ளி, கல் இல்லாத இடத்தில் போய் நிற்கின்றன. எதிர்பார்த்ததுதான், நிழல் அங்கேதானே இருக்கிறது. மைதானத்துக்கு நிழல் கொண்டுபோகாமல் இது முடியாது. சோலார் கூரை போட்டால் நிழலும் ஆச்சு மின்சாரமும் ஆச்சு என்று இன்ஜினியர் சொல்கிறார், பணம் வர வருடமாகும். அதுவரைக்கும் மரம்தான். எங்கள் துறையே நட்டுப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், இருபது கன்றுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. புங்கன்தான் என் தேர்வு. வறட்சி தாங்கும், நிழல் அடர்த்தி. ஆறடிக்குக் குறைந்த கன்று வாங்க மாட்டோம். கார் சக்கரம் ஏறினால் மண் இறுகிப் போய் வேருக்குத் தண்ணீரும் காற்றும் இறங்காது, அதனால் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் நாலடிச் சதுரம் கல் கட்டி விடப் போகிறோம். புரட்டாசி முடிவதற்குள் நட்டுவிட்டால் வடகிழக்கு மழை பார்த்துக்கொள்ளும்.

தமிழினி_எம்ஏ எழுதியது:

இடைவெளியை இரண்டு தடவை அளந்ததற்கு நன்றி அக்கா. என் வளாகம் வேறு, ஆனாலும் ஒரு நாள் வந்து அந்தக் கல் நடுவே போய்ப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

மூன்றாம்_பீரியட் எழுதியது:

பஸ் இப்போது நேரத்துக்கு வருகிறதா? அதைச் சொல்லவில்லையே.

கிழக்குவாசல் எழுதியது:

காலையில் வருகிறது மேடம். இந்த வாரம் ஐந்து நாளும் நூலக நிறுத்தத்துக்கு ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது, நானே குறித்து வைத்தேன். மாலை இன்னும் தாமதம்தான், கேன்டீன் பக்கம் இரு வரிசையும் அப்படியே இருக்கிறது. அடுத்த மனு அதற்குத்தான்.

கேட்_நம்பர்_இரண்டு எழுதியது:

அம்மா, மகன் படித்துக் காட்டினான், ரொம்ப சந்தோஷம். கன்று நடுவதற்கு முன்னால் ஒன்று விசாரியுங்கள். இந்த மாதிரி மைதானங்களில் பழைய தண்ணீர்க் குழாயோ கரண்டு கேபிளோ மண்ணுக்கடியில் போயிருக்கும், எந்த வரைபடத்திலும் இருக்காது. வயதான பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ ஒருவர் அங்கே இன்னும் வேலையில் இருப்பார், அவரைக் கூட்டிக்கொண்டு போய் நடந்து காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் குழி எடுங்கள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் செமஸ்டர் லீவு, பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவீர்கள். அப்போது தண்ணீர் ஊற்றப்போவது பகல் ஷிப்டு செக்யூரிட்டிதான். யார் என்று இப்போதே கேட்டு, அவர் கையில் ஒரு குடமும் குழாய்ச் சாவியும் கொடுத்து வையுங்கள்.